வீட்டுத் தோட்ட மக்காச்சோளம்

வீட்டுத் தோட்ட மக்காச்சோளம் என்பது வீட்டின் கொல்லைப்புறம் போன்ற சிறு பரப்பில், வீட்டுத் தேவைக்கென மக்காச்சோளத்தைப் பயிரிடுவதைக் குறிக்கும். கத்தரி, வெண்டை, மிளகாய் முதலிய காய்கறிகள் ஒரேயொரு செடியாக நின்றாலும் காய்க்கக் கூடியவை. மக்காச்சோளம் அத்தகையது அன்று. இது காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறும் பயிராகும். ஆகையால் சுவரோரம் ஒற்றை வரிசையில் நடப்படும் செடிகள் ஆள் உயரத்திற்குச் செழித்து வளர்ந்தாலும், உரித்துப் பார்க்கும்போது ஆங்காங்கே சில மணிகள் மட்டுமே உள்ள பொக்கைக் கதிர்களையே பெரும்பாலும் தருகின்றன. சிறு தோட்டத்தில் இப்பயிரின் வெற்றி, உரத்தைக் காட்டிலும் செடிகள் நிற்கும் அமைப்பையும் பூக்கும் காலத்தையும் பொறுத்தது.

இக்கட்டுரை இப்பயிர் வளர்ப்பைப் புதுச்சேரி நகரின் கதிர்காமம் பகுதியின் சூழலைக் கொண்டு விளக்குகிறது. இது இலங்கையின் ஊவா மாகாணத்தில் முருகன் கோயிலால் அறியப்படும் கதிர்காமம் அன்று.

பெயரும் வரலாறும்

தமிழில் சோளம் என்னும் சொல் நெடுங்காலமாக வேறொரு தானியத்தைக் குறித்து வந்துள்ளது. உருண்டையான சிறு மணிகளைக் கொண்ட அந்தச் சோளம் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. இன்று நகரங்களில் சோளம் என்றாலே பலர் மக்காச்சோளத்தையே கருதுவதால், விதை வாங்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிவது தேவையாகிறது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் இது மாயீசு எனப்படும். கரிபியத் தீவுகளின் பழங்குடி மொழியொன்றிலிருந்து எசுப்பானியம் வழியாக அச்சொல் பிரெஞ்சை அடைந்தது.

மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிக்கோவின் தென்மேற்குப் பகுதியில் தியோசின்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து உருவாக்கப்பட்டது. கொலம்பசின் 1492 ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின் அது உலகெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டில் பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர், சேலம் முதலிய மாவட்டங்களில் இது பெருமளவில் பயிராகிறது. அதன் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்குச் செல்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பயிருக்கெனத் திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறது. நெல்லும் கரும்பும் முதன்மையாக விளையும் புதுச்சேரிப் பகுதியில் மக்காச்சோளத்திற்கு அத்தகைய இடம் இல்லை.

தாவரவியல்

மக்காச்சோளம் புல் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுத் தாவரம். ஒரே செடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனி இடங்களில் தோன்றுகின்றன. செடியின் உச்சியில் விரியும் கிளைத்த பூங்கொத்து ஆண் பகுதியாகும். தண்டின் நடுப்பகுதியில், இலைக்கும் தண்டுக்கும் இடையே தோன்றும் கதிர் பெண் பகுதியாகும்.

கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளே மணி பிடித்தலின் திறவுகோல். ஒவ்வோர் இழையும் கதிரினுள் இருக்கும் ஒரு சூலுடன் இணைந்துள்ளது. ஓர் இழையில் ஒரு மகரந்தத் துகளாவது ஒட்டி முளைத்தால்தான் அச்சூல் ஒரு மணியாகும். மகரந்தம் பெறாத இழைக்குரிய இடம் வெற்றிடமாகவே நிற்கும். எனவே 500 மணிகள் கொண்ட ஒரு கதிர் என்பது, 500 தனித்தனிக் கருவுறுதல்கள் நிறைவேறியதன் விளைவு. ஒரே கதிரில் மஞ்சளும் கருநீலமுமாக மணிகள் கலந்து வருவதற்கும் இதுவே அடிப்படை. மக்காச்சோள மணிகளின் இத்தகைய நிற வேறுபாடுகளை ஆராய்ந்தே பார்பரா மெக்கிளின்டாக் இடம்பெயரும் மரபணுக்களைக் கண்டறிந்து, 1983 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். கதிரில் மணி வரிசைகளின் எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படையிலேயே அமையும். பூக்கள் இணை இணையாகத் தோன்றுவதே அதற்குக் காரணம்.

ஒரு செடி பல இலட்சம் மகரந்தத் துகள்களை உதிர்க்கிறது. ஆயினும் புல் குடும்பத்தில் இத்துகள்கள் அளவில் பெரியவை, கனமானவை. பெரும்பாலானவை செடியிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே விழுந்துவிடும். ஆண் பூக்கள் வழக்கமாகப் பட்டு இழைகளுக்கு ஓரிரு நாள் முன்னரே மலர்ந்து, ஏறத்தாழ ஒரு வாரம் மகரந்தம் உதிர்க்கும். ஆதலால் ஒரு செடியின் கதிர் பெரும்பாலும் அண்டைச் செடியின் மகரந்தத்தையே நம்பியுள்ளது. வயலில் ஆயிரக்கணக்கான செடிகள் சூழ்ந்திருப்பதால் இது ஒரு சிக்கலாவதில்லை. பத்துப் பன்னிரண்டு செடிகள் மட்டுமே உள்ள கொல்லையில் இதுவே முதன்மைச் சிக்கலாகிறது.

கதிர்காமத்தின் சூழல்

கதிர்காமம் புதுச்சேரி நகரின் வடமேற்கில், உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட குடியிருப்புப் பகுதி. 2010 இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இங்கு அமைந்துள்ளது. வீடுகள் நெருங்கியுள்ள இத்தகைய பகுதியில் பயிரைத் தீர்மானிப்பவை பருவமும் சுவர் நிழலுமே.

பருவம்

புதுச்சேரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மி.மீ. வரை இருக்கும். அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. புயல்களும் அப்போதே வருகின்றன. 2011 திசம்பர் 30 அன்று தானே புயலும், 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தன. பெஞ்சல் புயலின்போது நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. மக்காச்சோளத்தின் வேர் நீர் தேங்குவதைத் தாங்காது. உயரமான செடி காற்றுக்கும் எளிதில் சாயும். எனவே தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் ஏற்புடைய புரட்டாசிப் பட்டம் இக்கடற்கரை ஊரின் வீட்டுத் தோட்டத்திற்குப் பொருந்துவதில்லை.

மறுபுறம் மே, சூன் மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும் நாட்களும் உண்டு. 35 பாகைக்கு மேல் வறண்ட காற்றும் சேர்ந்தால் மகரந்தம் விரைவில் உயிர்த்திறனை இழக்கும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே இரண்டு பட்டங்கள் எஞ்சுகின்றன.

* தைப்பட்டம்: சனவரி முதல் பாதியில் விதைத்தால் மார்ச்சுத் தொடக்கத்தில் பூக்கும். கோடை முற்றுமுன் மார்ச்சு இறுதிக்குள் கதிர் கிடைக்கும். இதுவே மிகச் சிறந்த பட்டம்.
* ஆடிப்பட்டம்: சூன் இறுதி அல்லது சூலைத் தொடக்கத்தில் விதைத்தால், பருவமழைக்கு முன் செப்டம்பரில் அறுவடை முடியும்.

வெயிலும் நிழலும்

மக்காச்சோளத்திற்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் தேவை. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. திசம்பர் இறுதியில் நண்பகல் கதிரவன் தென்திசையில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 6 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடிச் சுவரின் நிழல் வடக்கே ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளும். பிப்ரவரி இறுதியில் அது 2.3 மீட்டராகக் குறையும். சூன் இறுதியில் கதிரவன் வடதிசைக்குச் சென்றுவிடுவதால் அதே சுவரின் நிழல் தெற்கே 1.2 மீட்டர் மட்டுமே விழும். எனவே தெற்கே உயர்ந்த சுவருள்ள கொல்லைக்கு ஆடிப்பட்டமும், தெற்குத் திறந்த கொல்லைக்குத் தைப்பட்டமும் ஏற்றவை.

வளர்ப்பு முறை

நடவு அமைப்பு

ஒரே நீண்ட வரிசையாக நடுவதைத் தவிர்த்து, சதுரக் கட்டமாக நடுதல் வேண்டும். குறைந்த அளவு நான்கு வரிசைகள், வரிசைக்கு நான்கு செடிகள் எனக் கொள்ளலாம். வரிசைகளுக்கு இடையே 60 செ.மீ., செடிகளுக்கு இடையே 30 செ.மீ. இடைவெளி விட்டால் 16 செடிகளுக்கு 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட இடம் போதும். இது ஏறத்தாழ 31 சதுர அடி. இவ்வமைப்பில் காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் மகரந்தம் ஏதேனும் ஒரு கதிரின்மேல் விழும். ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர் என்பதே நேர்மையான எதிர்பார்ப்பு. 16 செடிகளையும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். சிறுகச் சிறுக விதைத்தால் பூக்கும் காலம் சிதறி மகரந்தம் வீணாகும்.

விதை

உண்பதற்கு இனிப்பு மக்காச்சோள வகைகளே ஏற்றவை. கடைகளில் இவை சுவீட் கார்ன் என்ற பெயரில் கிடைக்கின்றன. இவற்றின் விதை சுருங்கி, எடை குறைந்து காணப்படும். மாவுச்சத்து குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். ஆகையால் முளைப்பு வலிமையும் குறைவு. ஈரம் மிகுந்த மண்ணில் விதை அழுகும். 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில் குழிக்கு இரண்டு விதைகள் இட்டு, 10 அல்லது 12 நாட்களுக்குப் பின் வலுவான நாற்றை மட்டும் விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். நிறமேற்றிய விதைகள் பூசணக்கொல்லி மருந்து பூசப்பட்டவை. அவற்றை உண்ணுதலும் கோழிகளுக்கு இடுதலும் கூடாது.

இனிப்புத் தன்மை ஒடுங்கு மரபணுவால் அமைவது. எனவே தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் இனிப்பு வகையின் இழைகளில் விழுந்தால், அம்மணிகள் அப்பருவத்திலேயே மாவுத்தன்மை அடைந்துவிடும். ஒரு தோட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டுமே வளர்ப்பது நன்று.

மண்ணும் உரமும்

நகர்ப்புற மனைகளில் மேல்மண்ணுடன் கட்டட இடிபாடுகள் கலந்திருப்பது வழக்கம். செங்கல், காரைத் துண்டுகளை 30 செ.மீ. ஆழம் வரை கிளறி நீக்கி, சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் சேர்க்கலாம்.

மக்காச்சோளம் தழைச்சத்தைப் பெருமளவில் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை வீரிய ஒட்டு வகைகளுக்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்தைப் பரிந்துரைத்துள்ளது. அதாவது சதுர மீட்டருக்கு 25 கிராம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளதால் இது சதுர மீட்டருக்கு 54 கிராம் யூரியாவுக்கு ஈடாகும். எரு தாராளமாக இடப்பட்ட தோட்டத்திற்கு இம்முழு அளவு தேவைப்படாது. எவ்வளவு இட்டாலும் கால் பங்கை அடியுரமாகவும், பாதியை 25 ஆம் நாளிலும், எஞ்சியதை 45 ஆம் நாளிலும் இடுவது முறை. 25 ஆம் நாள் உரமிடும்போதே செடியின் அடியில் மண் அணைக்க வேண்டும். தண்டின் கீழ்க் கணுக்களிலிருந்து தோன்றும் ஊன்று வேர்கள் அம்மண்ணைப் பற்றிச் செடியைச் சாயாமல் காக்கும்.

நீர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர் ஆகும். வளர்ந்த பயிர் வெயில் நாளில் 5 முதல் 6 மி.மீ. நீரைச் செலவிடும். மேற்கூறிய 3 சதுர மீட்டர் பாத்திக்கு இது நாளொன்றுக்கு 15 முதல் 18 லிட்டர், அதாவது ஒரு குடத்திற்குச் சற்று மேல். பூங்கொத்து தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இழைகள் காயும் வரை நீர் குறையவே கூடாது. அக்காலத்தில் செடி வாடினால் பட்டு இழைகள் வெளிவருவது தாமதமாகும். அவை வெளிவரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். மக்காச்சோளம் உப்பை ஓரளவே தாங்கும் பயிர். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பின் மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ கலந்து பாய்ச்சலாம். சோப்புக் கரைந்த கழிவுநீர் ஏற்றதன்று.

கையால் மகரந்தச் சேர்க்கை

மதில்கள் சூழ்ந்த கொல்லையில் காற்றோட்டம் குறைவு. ஆகையால் சதுரமாக நட்டிருந்தாலும் கையால் மகரந்தம் சேர்ப்பது பயன் தரும். அதன் படிகள் பின்வருமாறு:

1. ஆண் பூங்கொத்தில் மஞ்சள் நிறப் பைகள் தொங்கத் தொடங்கியதும் நாள்தோறும் கவனிக்க வேண்டும்.
2. காலையில் பனி ஈரம் உலர்ந்தபின், ஏறத்தாழ 8 மணி முதல் 10 மணிக்குள் இதனைச் செய்ய வேண்டும். வெயில் ஏற ஏற மகரந்தம் உயிர்த்திறனை இழக்கும்.
3. பூங்கொத்தை மெல்ல வளைத்து ஒரு காகிதப் பையினுள் விட்டுத் தட்டினால் மஞ்சள் தூளாக மகரந்தம் சேரும். நெகிழிப் பையில் ஈரம் கோத்து மகரந்தம் கட்டியாகிவிடும்.
4. பல செடிகளின் மகரந்தத்தை ஒன்றாகக் கலந்து, உடனே ஒவ்வொரு கதிரின் பட்டு இழைகள் முழுவதும் படுமாறு தூவ வேண்டும்.
5. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலிலும் நுனிப்பகுதி இழைகள் கடைசியிலும் வெளிவருவதால், மூன்று அல்லது நான்கு நாட்கள் தொடர்ந்து தூவ வேண்டும்.

மகரந்தம் பெறாத இழை நாள்தோறும் நீண்டுகொண்டே இருக்கும். பெற்ற இழை வளர்ச்சி நின்று, பழுப்பு நிறமாகி உலரும். இழைகள் பளபளப்பாக நீண்டு தொங்குமாயின் சேர்க்கை நிகழவில்லை என்பது பொருள்.

பூச்சிகளும் பிற உயிரினங்களும்

இன்று மக்காச்சோளத்தின் முதன்மைப் பகை படைப்புழு ஆகும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016 இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கருநாடக மாநிலம் சிவமொக்கா பகுதியிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு வயல்களிலும் பெருஞ்சேதம் விளைவித்தது. புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து போன்ற வெண்ணிறக் குறியும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். இது குருத்தினுள் ஒளிந்து தின்பதால் இலைகளில் ஓட்டைகளும், குருத்தில் மரத்தூள் போன்ற எச்சமும் தென்படும்.

வயலில் இயலாத ஒன்று 16 செடிகள் கொண்ட கொல்லையில் எளிதாக இயலும். முளைத்த பத்தாம் நாள் முதல் காலையும் மாலையும் ஒவ்வொரு குருத்தையும் பார்த்து, முட்டைக் குவியல்களையும் புழுக்களையும் கையால் நீக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை இரவு முழுதும் ஊறவைத்து வடித்த கரைசலைக் குருத்தில் படுமாறு தெளிப்பதும் உண்டு.

முளைத்த நாற்றுகளைக் கோழியும் காகமும் பிடுங்கும். முற்றும் கதிர்களை அணிலும் கிளியும் எலியும் கொறிக்கும். இழைகள் பழுப்பான பின்னர்க் கதிர்களைக் காகிதப் பையாலோ துணியாலோ மூடிக் கட்டலாம். அதற்கு முன்பே மூடினால் மகரந்தம் தடைபடும்.

அறுவடை

பட்டு இழை தோன்றிய 18 முதல் 22 நாட்களில் கதிர் பால் பிடித்த நிலையை அடையும். மேல்மட்டையைச் சிறிது விலக்கி ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்க்கலாம். தெளிந்த நீர் வந்தால் முற்றவில்லை. பால் போன்ற சாறு வந்தால் பறிக்கும் பருவம். மாவாக இருந்தால் பருவம் கடந்துவிட்டது. பறித்த கணம் முதல் மணியிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். வெப்பமான ஊரில், பழைய வகை இனிப்பு மக்காச்சோளம் ஒரே நாளில் தன் இனிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். மீயினிப்பு வகைகளில் இம்மாற்றம் மெதுவாக நிகழும். கடையில் வாங்கும் கதிருக்கு இல்லாத சிறப்பு கொல்லைக் கதிருக்கு இருப்பது இதனாலேயே. அறுவடைக்குப்பின் பசுந்தட்டை மாட்டுக்குத் தீவனமாகும். நறுக்கி மக்கவைத்தால் உரமாகும்.

பொக்கைக் கதிரின் காரணங்கள்

வெற்றிடம் கதிரில் எங்கு உள்ளது என்பதைக் கொண்டு தவற்றை ஊகிக்கலாம்.

* கதிர் முழுவதும் சிதறிய சில மணிகள்: மகரந்தப் பற்றாக்குறை. ஒற்றை வரிசை நடவு, காற்றோட்டமின்மை அல்லது பூக்கும்போது கடும் வெப்பம்.
* நுனியில் மட்டும் வெற்றிடம்: கடைசியாக வந்த இழைகளுக்கு மகரந்தம் கிட்டாமை, அல்லது மணி முற்றும்போது நீரும் உரமும் குறைந்தமை.
* ஒரு பக்கம் மட்டும் வெற்றிடம்: மேல் இழைகள் கவிந்து கீழ் இழைகளை மறைத்தமை.
* மணி நிறைந்தும் இனிப்பின்மை: வேறு வகையின் மகரந்தம் கலந்தமை, அல்லது காலந்தாழ்த்திப் பறித்தமை.

மிகச் சிறிய இடத்திற்கு மாற்று

16 செடிகளுக்கு இடமில்லாத கொல்லைக்கு இளங்கதிர் மக்காச்சோளம் ஏற்றது. கடைகளில் பேபி கார்ன் எனப்படுவது இதுவே. பட்டு இழை தோன்றிய ஓரிரு நாட்களில், மகரந்தச் சேர்க்கைக்கு முன்பே இக்கதிர் பறிக்கப்படுகிறது. மணி பிடிக்க வேண்டிய தேவையே இல்லாததால் ஒற்றை வரிசையிலும் இதனை வளர்க்கலாம். ஆண் பூங்கொத்தைத் தோன்றியவுடன் நீக்கிவிடுவது வழக்கம். செடிக்கு இரண்டு அல்லது மூன்று கதிர்கள் கிடைக்கும். ஏறத்தாழ 60 நாட்களில் பயிர் முடிந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கெனக் கோ பிசி 1 என்னும் வகையை வெளியிட்டுள்ளது.

புதுச்சேரியில் வேளாண்மை தொடர்பான பயிற்சிகளைக் குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் அளிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* சோளம்
* மகரந்தச் சேர்க்கை
* மாடித் தோட்டம்
* படைப்புழு
* வடகிழக்குப் பருவமழை